ஆலோசனைக் கூட்டத்தில் யாருக்கு இடம்?

 

கலவையில் நடந்த உபவாச ஜெபத்தின் முடிவில் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரியில் வேலை செய்கிறவர். "பாஸ்டர், எங்க கம்பெனியில ஒரு தீர்மானம் எடுத்தா, அதை எடுக்கிறது உண்மையிலே யாரு? முதலாளின்னு நினைச்சேன். அவரு பையர் சொன்னாருங்கிறாரு. பையர் எங்க நாட்டுச் சட்டம்ங்கிறாரு. மேனேஜர் பொல்யூஷன் போர்டுங்கிறாரு. அப்போ யாருதான் முடிவு பண்றாங்க?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அவர் கேட்டது கம்பெனியைப் பற்றி. ஆனால் சபைக்கும், சங்கத்துக்கும், வீட்டுக்கும் இதே கேள்விதான். ஒரு ஸ்தாபனத்தை எது நடத்துகிறது? வெளியே இருந்து வரும் நெருக்கமா? உள்ளே இருக்கிற மனதா? நம் பகுதியில் நடந்ததை வைத்தே இதைப் பார்ப்போம். நீங்கள் கண்ணால் கண்ட காரியங்கள்தான்.

1. வெளியே இருந்து வரும் நெருக்கம்

தோல் தொழிலைப் போல வெளிக்காற்றில் ஆடுகிற தொழில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். ஒரு காலத்தில் நம் பகுதியிலிருந்து பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல்தான் கப்பல் ஏறியது. 1970களில் மத்திய அரசு பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தது. பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தது. முழுவதும் முடித்த தோலாகவோ, ஷூவாகவோ அனுப்பினால்தான் வியாபாரம் என்று ஆயிற்று. உத்தரவு போட்டது டெல்லியில். பலன் என்ன? ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. வீட்டு வாசலைத் தாண்டாத நம் சகோதரிகள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். குரோம் போட்டுப் பதனிடுவதும் பெருகியது. அதோடு கழிவு நீரும் பெருகியது. ஒரே உத்தரவு சோற்றையும் கொண்டு வந்தது, சோதனையையும் கொண்டு வந்தது.

1989இல் ஜெர்மனி தேசம், தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பி.சி.பி. என்ற மருந்தைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கை அங்கே விற்க முடியாது. 1994இல் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சில அசோ சாயங்களுக்கும் தடை போட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, கடல் தாண்டிப் போட்ட அந்தக் கையெழுத்து ஆம்பூர் வரைக்கும் வந்து இடித்தது. இப்படி அரசு, சந்தை, நீதிமன்றம், மழை, வறட்சி எல்லாம் வெளியே இருந்து வருகிறவை. அவைகளை நாம் அழைக்கவில்லை, ஆனாலும் வரும்.

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு வீட்டின் மேலும் பெய்த மழை ஒன்றே. அடித்த காற்றும் ஒன்றே. ஒரு வீடு நின்றது, ஒரு வீடு விழுந்தது. வித்தியாசம் அஸ்திபாரத்தில் இருந்தது. காற்று வந்து அந்த வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான்.

2. ஒரே வாசலுக்கு வந்த இரண்டு குரல்

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஜெர்மனியிலிருந்து அந்தத் தடை வந்தபோது என்ன ஆச்சு தெரியுமா? சில வருஷங்களுக்குள் பி.சி.பி. நம் டேனரிகளை விட்டுப் போனது. வேறு மருந்து வந்தது. சோதனைச்சாலைகள் வந்தன. சென்னை அடையாற்றில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் துணை நின்றது. முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் அதே டேனரி வாசலில் அதற்கு வெகு காலம் முன்பே இன்னொரு குரல் நின்றுகொண்டிருந்தது. பாலாற்றங்கரைக் கிராமத்துக் குரல். "ஐயா, எங்க கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. மாடு குடிக்க மாட்டேங்குது. தென்னை காயுது." இந்தக் குரலுக்குப் பதில் வர எத்தனை வருஷம்? 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் பதனிடும் பகுதியில் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியோ முழுவதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்று அங்கே எடுத்துச் சொல்லப்பட்டது. தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28 அன்று.

தேவ பிள்ளைகளே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலுக்கு அப்பால் இருந்தவன் குரல் சீக்கிரம் கேட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்தவன் குரல் கேட்கவில்லை. ஏன்? தூரமா காரணம்? இல்லை. தீர்மானம் எடுக்கும் மேஜையில் பையருக்கு ஒரு நாற்காலி இருந்தது. அவர் நேரில் வராவிட்டாலும் அவர் ஆர்டர் அங்கே உட்கார்ந்திருந்தது. கிணற்றுக்காரனுக்கு நாற்காலி இல்லை. அவன் நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

இதைச் சொல்லும்போது தொழில் நடத்தினவர்களைப் பொல்லாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பகுதித் தோல் வியாபாரக் குடும்பங்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அள்ளிக் கொடுத்தவர்கள். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதில் படித்துப் பிழைத்தார்கள். கொடுக்கிற மனது இருந்தது. ஆனால் கொடுக்கிற மனது ஒன்று, கேட்கிற காது இன்னொன்று. நல்லவர்கள் கூடிய கூட்டத்திலும் தவறான தீர்மானம் வரலாம், பாதிக்கப்படுகிறவன் அங்கே இல்லாவிட்டால்.

3. உள்ளே இருக்கிற தடைகள்

வெளியே இருந்து ஒரு குரல் வந்து தட்டும்போது, உள்ளே எது கதவைச் சாத்துகிறது? மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, "நான் மட்டும் ஏன்?" என்கிற பயம். கழிவு நீரைச் சுத்தம் செய்ய நிலம் வேண்டும், இயந்திரம் வேண்டும், கரண்ட் வேண்டும். சின்னத் தோல் ஷாப்பு தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் மட்டும் செய்தால் அவர் சரக்கு விலை ஏறும், பக்கத்து ஷாப்புக்காரர் ஆர்டரைப் பிடித்துக்கொள்வார். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். சபையிலும் அப்படித்தானே? கூரை ஒழுகுகிறது என்று எல்லாருக்கும் தெரியும்!

இரண்டாவது, தெரிந்தவன் வாய் திறவாமை. தொட்டியில் என்ன கலக்கிறது என்று முதலில் அறிகிறவன் தொட்டியில் இறங்குகிறவன். அவன் மேஸ்திரியிடம் சொல்லப் பயப்படுகிறான். மேஸ்திரி மேனேஜரிடம் சொல்லப் பயப்படுகிறார். மேலே போய்ச் சேரும்போது "எல்லாம் நல்லாயிருக்கு" என்ற வார்த்தைதான் போய்ச் சேருகிறது.

மூன்றாவது, நம்மைப் போல இருக்கிறவர்களிடமே ஆலோசனை கேட்பது. ரெகொபெயாமை நினைத்துக்கொள்ளுங்கள் (I இராஜாக்கள் 12). நுகத்தை லேசாக்கும்படி ஜனங்கள் வந்து கேட்டார்கள். மூன்று நாள் தவணை சொன்னான். முதியோரிடம் கேட்டான், நல்ல ஆலோசனை கிடைத்தது. அதைத் தள்ளிவிட்டு, தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் கேட்டான். அவர்கள் இவன் மனதில் இருந்ததையே இவனுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? கோபமாக இருந்த ஜனங்களிடம் யாரை அனுப்பினான்? வரி வேலை வாங்கிய அதோராமையே அனுப்பினான்! கல்லெறிந்து கொன்றார்கள். பத்துக் கோத்திரம் கையை விட்டுப் போயிற்று. எகிப்தியன் வந்து உடைக்கவில்லை, அசீரியன் வந்து உடைக்கவில்லை. மூன்று நாள் ஆலோசனை உடைத்தது.

4. நெருக்கம் மட்டும் போதுமா?

1996 தீர்ப்புக்கு வருவோம். நீதிமன்றம் இரண்டு நியாயங்களை இந்த தேசத்தின் சட்டம் என்று நிலைநாட்டியது. ஆபத்து வருமுன்னே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. ஐந்து மாவட்டத்து டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சுத்திகரிப்பு வசதி செய்யாவிட்டால் மூட வேண்டும் என்றது. அதன்பின் தனித்தனியாக முடியாது என்றிருந்தவர்கள் கூடிச் செய்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்யும்படி ஆயிற்று. அரசும் மானியம் கொடுத்தது. வெளியே இருந்து வந்த நெருக்கம் உள்ளே இருந்த "நான் மட்டும் ஏன்" என்பதை உடைத்தது. இதுவும் நன்மைதான். தேவன் புறஜாதி ராஜாவையும் தம் நீதிக்கு உபயோகிக்கிறவர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்களை அந்தச் சேறு மூடிக்கொண்டது. பத்துப் பேரும் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்.

நான் அதை நினைக்கும்போதெல்லாம் என் மனதில் ஒரு கேள்வி எழும்பும். அந்தச் சுவரைக் குறித்து எத்தனையோ கூட்டம் நடந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பாய் விரித்துப் படுக்கிறவன் ஒருவனாவது அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பானா? வெளியே விடாதே என்று சட்டம் சொல்லும். உள்ளே தேக்கினால் யார் மேல் விழும் என்று சட்டப் புத்தகம் ஒவ்வொரு நாளும் வந்து பார்க்காது. அதை உள்ளே இருக்கிறவன் பார்க்க வேண்டும்.

தீர்ப்பு வந்து 28 வருஷத்துக்கு மேல் ஆனபின், 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடு கொடுங்கள், முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் குழு போட்டுக் கண்காணியுங்கள் என்றது. பாருங்கள், நெருக்கத்தினால் மாத்திரம் எடுத்த தீர்மானத்துக்கு நெருக்கம் திரும்பத் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

ஒரு ஷூ கம்பெனியில் தையல் போடும் சகோதரி என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பாஸ்டர், வெளிநாட்டுல இருந்து ஆடிட் வர்ற அன்னிக்கு பாத்ரூம்ல சோப்பு இருக்கும், பசை ஒட்டுற இடத்துல மாஸ்க் கொடுப்பாங்க. அவங்க கார் கேட்டைத் தாண்டினதும் எல்லாத்தையும் திரும்ப வாங்கி வெச்சுடுவாங்க. அந்த ஐயா மாசா மாசம் வந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!" அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் ஆடிட்டுக்கு மாத்திரம் சோப்பு வைக்கிற விசுவாசிகளாக இருக்கலாம் அல்லவா? கன்வென்ஷன் நடக்கிற மூன்று நாள் வீட்டில் சத்தம் இல்லை. நாலாம் நாள்?

5. உள்ளே திரும்பிப் பார்த்த நெகேமியா

நெகேமியாவின் புஸ்தகத்தில் 4, 5, 6 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். 4ஆம் அதிகாரத்தில் எதிரி வெளியே இருக்கிறான். சன்பல்லாத், தொபியா, பரிகாசம், பயமுறுத்தல். ஜனங்கள் ஒரு கையில் வேலையும் ஒரு கையில் ஆயுதமுமாக நின்றார்கள். 6ஆம் அதிகாரத்திலும் அதே எதிரிகள்தான். நடுவிலே 5ஆம் அதிகாரம் இருக்கிறது. அங்கே கூக்குரல் உள்ளேயிருந்து வந்தது. பஞ்சத்தில் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், எங்கள் பிள்ளைகளை அடிமையாக்குகிறோம், வாங்குகிறவன் எங்கள் சொந்த சகோதரன் என்று புருஷரும் ஸ்திரீகளும் அலறினார்கள்.

நெகேமியா என்ன செய்தார்? "இப்போ அலங்கம் கட்டுற அவசரம், இதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. எதிரி வெளியே நிற்கும்போதே சபையைக் கூட்டினார். வட்டி வாங்கின பிரபுக்களை முகத்துக்கு நேராகக் கேட்டார். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். தானும் 12 வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. அதன் பிறகுதான் அலங்கம் 52 நாளில் முடிந்தது என்று படிக்கிறோம். உள்ளே ஓட்டையை அடைத்தவனுக்கு வெளியே சுவர் நின்றது. அல்லேலூயா!

6. குறை சொன்னவர்களிடமே பொறுப்பு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம். சபை பெருகின காலம். கிரேக்க பாஷை பேசின விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் கவனிப்பு இல்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை. "சபையில் பிரிவினை உண்டாக்குகிறீர்கள்" என்று சொல்லவில்லை. சபையாரைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களைக் கவனித்தீர்களா? ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்களிடமே பந்தி விசாரணையைக் கொடுத்தார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்லுகிறார்கள். 7ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? சபை இன்னும் பெருகினது. முறுமுறுப்பு சபையைக் கெடுக்கவில்லை. கேட்கப்பட்டதினால் அது சபையை வளர்த்தது.

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் உபவாச ஜெபத்தை வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு வைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் போகும் சகோதரிகள் வருவதில்லை. "ஆவிக்குரிய வாஞ்சை குறைஞ்சு போச்சு" என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். கமிட்டியில் இருந்த ஒருவருக்கும் ஷிப்டு இல்லை! பிறகு ஷூ கம்பெனிக்குப் போகிற இரண்டு சகோதரிகளைக் கமிட்டியில் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே அவர்கள் சொன்னது, "ஐயா, ஞாயிறு மத்தியானம் வையுங்க." வைத்தார்கள். ஹால் நிறைந்தது. வாஞ்சை குறையவில்லை, நேரம்தான் தப்பாயிருந்தது.

7. நாம் செய்ய வேண்டியது

கேள்வி கேட்ட அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான். தீர்மானத்தை வெளியே இருக்கிறவர்கள் நெருக்குகிறார்கள், உள்ளே இருக்கிறவர்கள் எடுக்கிறார்கள். யார் குரலுக்கு உள்ளே இடம் கொடுத்தார்களோ, அந்தக் குரலுக்குத் தக்கதாகவே தீர்மானம் வரும்.

தொழில் நடத்தும் சகோதரரே, உங்கள் அடுத்த கூட்டத்தில் தொட்டியில் இறங்குகிறவர் ஒருவரை உட்கார வையுங்கள். அவரை முதலில் பேசச் சொல்லுங்கள். முதலாளி முதலில் பேசிவிட்டால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர் தம்பி, கீழே கேட்டதை மேலே அப்படியே கொண்டு போ. உன் வேலை போய்விடுமோ என்கிற பயம் எனக்குப் புரிகிறது. தனியே போகாதே, இரண்டு மூன்று பேராகப் போ, சாந்தமாய்ச் சொல்.

சபை மூப்பர்களே, கட்டிட நிதி, கூட்ட நேரம், தரும உதவி இவைகளில் தீர்மானம் எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதனால் யாருக்குக் கஷ்டம்? அவர் இங்கே இருக்கிறாரா?" இல்லையென்றால் கூப்பிட்டு அனுப்புங்கள். அவர் வரும்வரை கையெழுத்துப் போடாதிருங்கள்.

குடும்பத் தலைவர்களே, கடன் வாங்குமுன் அதைக் கட்டப்போகும் மனைவியைக் கேட்டீர்களா? குழுப் பணத்தை வாரா வாரம் கட்டுகிறது அவள்தானே?

கலவையிலிருந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஆற்காட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் ராணிப்பேட்டைக்குப் போகிறார்கள். தாண்டும்போது ஒரு நிமிஷம் அந்த ஆற்றைப் பாருங்கள். கேட்கப்படாத குரலுக்கு என்ன விலை என்று அது சொல்லும்.

ஜெபிப்போமா? அன்புள்ள பரலோகப் பிதாவே, நெருக்கம் வருமுன்னே நீதி செய்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் கூட்டங்களில் எளியவனுடைய சத்தம் கேட்கப்படட்டும். கேட்கிற காதையும், கேட்டபடி செய்கிற தைரியத்தையும் தாரும். உயிரை இழந்த தொழிலாளர்களின் குடும்பங்களையும், தண்ணீரை இழந்த கிராமங்களையும் நினைத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும், உங்கள் வேலை ஸ்தலங்களையும், உங்கள் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.